ஏணியைப் பிடித்தவர் பெயர்

விளையாட்டு வீரர்கள் சட்டையின் முதுகில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் தன் கிரிக்கெட் சட்டையில் போட்டுக்கொண்டது ‘ஜே.பி. நட்டு’ என்று. நட்டு என்பது அவர் பெயரின் சுருக்கம். ஜே.பி. அவருடைய இனிஷியல் இல்லை, அப்பா பெயரும் இல்லை. ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, இவனை இந்த ஊரோடு விட்டுவிடக் கூடாது என்று முடிவெடுத்த ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணனின் பெயர் அது.

நடராஜன் உயர்ந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். யார்க்கர், ஆஸ்திரேலியா, சாரட்டு வண்டியில் ஊர்வலம் எல்லாம் செல்போனில் பார்த்தாயிற்று. இந்த வாரம் அந்தச் சட்டையின் முதல் இரண்டு எழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்கு எங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது.

சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால், வெள்ளாமை இல்லாமல் கிடக்கும் காட்டில் மூன்று குச்சியை நட்டு வைத்துப் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்துத் தறிக்குடோனில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் ‘அவுட்’ என்று கத்துவதுகூடக் கேட்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் தனியாகத் தெரிவான். மற்றவர்கள் பந்து வந்த பிறகு ஓடுவார்கள். அவன் பந்து கிளம்பும்போதே ஓடியிருப்பான்.

அவன் அம்மாவிடம் போய், “பையன் நல்லா ஆடறானுங்களே” என்று சொல்லிப் பாருங்கள். “அட, நீங்க வேறங்க. எப்பப் பாத்தாலும் பந்தும் கையுமாவே திரியறான். அதுல போய் சோறு கிடைக்குமுங்களா?” என்றுதான் பதில் வரும்.

நியாயமான கேள்வி. கூலிக்கு நெய்கிற குடும்பத்துக்குப் பாவு வந்தால் வேலை, வராவிட்டால் தறி நிற்கும். கூலி உயர்வுக்காகப் பேச்சுவார்த்தை, அது முடியாமல் போனால் வேலைநிறுத்தம், அது முடிந்த பிறகும் பேசிய கூலி கைக்கு வருமா என்ற கவலை. இதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பால்குடியிலிருந்து கேட்டு வளர்கிற பேச்சு. அடுத்த மாத வரும்படி எவ்வளவு என்றே தெரியாத வீட்டில், பையன் பத்து வருடம் கழித்துப் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று யார் பந்தயம் கட்டுவது? அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நடராஜன் வீடும் ஏறக்குறைய இதே வீடுதான். அப்பா சேலைத் தறியில் தினக்கூலி. அம்மா சாலையோரத்தில் கடை நடத்தினார். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். தறி ஓடும் ஊரில் மூத்த பையன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மீசை அரும்பும் முன்பே வீட்டுச் செலவில் பாதி அவன் தோளுக்கு வந்துவிடும்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பேச்சு வரும். “நம்ம நாட்டுல அவ்வளவுதாங்க. இதே அமெரிக்காவா இருந்தா, திறமை இருக்கறவன் தானா மேல வந்திருப்பான்” என்பார்கள். அப்படியா என்று பார்க்க, அமெரிக்காவிலேயே ஒரு கதையைச் சொல்கிறேன்.

அங்கே ‘ஃபுட்பால்’ என்றால் நம் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையில்தான் ஆட்டம். அணிக்கு 11 பேர். நடுவில் நிற்கிற ஒருவர் பந்தை வீசுவார். ஓரத்தில் நிற்கிற ஆள் எதிரணிக் கூட்டத்தைத் தாண்டி முன்னால் ஓடி, ஓடுகிற வேகத்திலேயே திரும்பி அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற நொடியில் மலை மாதிரி ஒருவர் வந்து மோதிச் சாய்ப்பார். எல்லைக்கோட்டில் பாய்ந்து பிடிக்கும் கேட்ச்சையும் கபடியில் விழும் பிடியையும் ஒரே நொடியில் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இந்த ஓரத்து ஆளுக்குத்தான் ‘வைடு ரிசீவர்’ என்று பெயர். இந்த இடத்தில் ஆடியவர்களில் எல்லாக் காலத்துக்கும் முதல் ஆள் யார் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லும் பெயர் ஜெர்ரி ரைஸ்.

ரைஸ் 1962-ல் பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்தில் க்ராஃபோர்டு என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து செங்கல்லை வீச, சாரத்தின் மேல் நின்று ரைஸ் பிடிக்க வேண்டும். சில நேரம் நாலு செங்கல் ஒன்றாகவே வருமாம். அந்தக் கையைப் பின்னாளில் அமெரிக்காவே பேசியது. ஆனால், வெறும் கையால் அவர் மேலே வந்துவிடவில்லை.

பள்ளியில் ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவரைத் துணைத் தலைமையாசிரியர் பின்னாலிருந்து வந்து கூப்பிட, பையன் எடுத்த ஓட்டத்தில் ஆளே காணாமல் போய்விட்டார். அந்த ஆசிரியர் தண்டனை கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். தண்டனை கொடுத்த கையோடு பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளரிடம் போய், இப்படி ஒரு பையன் ஓடுகிறான் என்று சொன்னார். ரைஸின் அம்மாவுக்கு இந்த ஆட்டம் முதலில் பிடிக்கவில்லை. எந்த ஊர் அம்மாவும் அம்மாதானே!

பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1984-ல் ஒருநாள் இரவு, சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஹூஸ்டன் நகரத்து ஓட்டல் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரைஸ் ஆடிய ஆட்டத்தின் காட்சிகள் வந்தன. அவ்வளவுதான். அடுத்த வருடம் 16-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது அந்த அணி. முதல் வருடம் கைக்கு வந்த பந்துகளையே நழுவவிட்டு, சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அணி அவரை வெளியே உட்காரவைக்கவில்லை. 20 வருடம் ஆடினார். மூன்று முறை சூப்பர் பவுல் கோப்பை. பந்தைப் பிடித்து அவர் கடந்த தூரம் மொத்தம் 22,895 கெஜம். கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், ஒவ்வொரு கெஜத்துக்கும் யாரோ ஒருவர் சாய்க்கத் துரத்தி வந்த தூரம். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை.

செங்கல் பிடித்த கை அவருடையது. ஆனால் ஓட்டத்தைப் பார்த்து ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருக்காவிட்டால், அந்தக் கை செங்கல்லோடு நின்றிருக்கும். அமெரிக்காவிலும் திறமை தானாக மேலே வரவில்லை. ஏணியை யாரோ பிடித்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்திலேயே பயிற்சியாளர் இருந்தார், அதனால் ஆசிரியர் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்தது. சின்னப்பம்பட்டியில் அந்த வேலையையும் ஜெயப்பிரகாஷே செய்ய வேண்டியிருந்தது.

இப்போது நடராஜன் ஏணியின் படிகளைப் பாருங்கள்.

முதல் படி, டென்னிஸ் பந்து. இருபது வயதை ஒட்டித்தான் தோல் பந்து அவர் கைக்கு வந்தது. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் மைதானம் சின்னது. பந்து அவ்வளவாகச் சுழலாது, வளையாது. கொஞ்சம் முன்னால் குத்தினால் தூக்கி அடித்துவிடுவார்கள். தப்பிக்க ஒரே வழி, அடிப்பவனின் கால் விரலைப் பார்த்துப் போடுவது. ரைஸுக்குச் செங்கல் என்றால் நடராஜனுக்கு இது. உலகம் பின்னால் கைதட்டிய யார்க்கர், வசதி இல்லாத இடத்தில் பிழைக்கக் கற்றுக்கொண்ட வித்தை.

இரண்டாவது படி, சென்னை. தமிழ்நாட்டில் கிரிக்கெட்டில் மேலே போக வேண்டுமானால் சென்னை லீக்கில் ஆடியாக வேண்டும். சின்னப்பம்பட்டியிலிருந்து அந்த லீக்குக்கு எப்படிப் போவது, யாரைப் பார்ப்பது, எங்கே தங்குவது என்று தறி ஓட்டுகிற அப்பாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஜெயப்பிரகாஷுக்குத் தெரிந்திருந்தது. 2010-11 பருவத்தில் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார் நடராஜன். பிறகு விஜய் கிளப், அதற்குப் பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பை ஆட்டம்.

மூன்றாவது படியில் கால் வழுக்கியது. அந்த ரஞ்சி ஆட்டத்தோடு, இவர் பந்தை எறிகிறாரோ என்று சந்தேகம் எழுப்பிவிட்டார்கள். பந்து வீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. வீசும் முறையே தப்பு என்று சொன்னால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பலர் இந்த இடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பினால் தறி இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, ‘ஒரு காலத்தில் ரஞ்சி ஆடினேன்’ என்ற பேச்சு இருக்கிறது. தமிழ்நாட்டின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் உதவ, தோளையும் கையையும் முதலிலிருந்து பழக்கி, வீச்சைத் திருத்திக்கொண்டு வந்தார். பிரிந்துபோன பாவு நூலை ஒவ்வோர் இழையாகப் பிணைக்கிற வேலை அது. செய்தவர்களுக்குத்தான் அதன் பொறுமை தெரியும்.

நான்காவது படி, வெளிச்சம். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக, தூத்துக்குடி அணியுடனான ஆட்டத்தில் சூப்பர் ஓவரில் இவர் வரிசையாகப் போட்ட யார்க்கர்களைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. பில் வால்ஷுக்கு ஓட்டல் அறை டி.வி. என்றால், நடராஜனுக்கு இது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டுவிடலாம். வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை. பஞ்சாபுக்கு 6 ஆட்டம் ஆடி 2 விக்கெட்தான் எடுத்தார். அடுத்த வருடம் ஐதராபாத் அணி அவரை எடுத்த விலை 40 லட்சம். 2018, 2019 என்று இரண்டு வருடமும் ஓர் ஆட்டம்கூட ஆடவைக்கவில்லை. 3 கோடி என்றபோது வீடு தேடி வந்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டு வருடத்தில் வந்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மீட்டருக்கு இவ்வளவு என்று பேசிய கூலி இறங்குவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். விலை இறங்கினால் வேலை இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

2020-ல் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ஐ.பி.எல்.லில் 16 ஆட்டம், 16 விக்கெட். டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர் அந்தத் தொடரில் போட்டதுதான். அந்த நவம்பரில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்க ஊருக்கு வராமல், வலைப்பயிற்சியில் பந்து போடும் ஆளாக இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மற்றவர்களுக்குக் காயம் பட, இவருக்குக் கதவு திறந்தது. 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4-ல் அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். இந்தியா ஜெயித்தது. ஊருக்கு வந்து மகளை முதல்முறை கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகும் ஏணி நேராக நிற்கவில்லை. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது, பந்து இவர் கையில்தான் இருந்தது. இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட். அடுத்த ஏலத்தில் டெல்லி அணி கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். ஏற்றமும் இறக்கமுமாக இவ்வளவு நடந்தும், சட்டையில் போட்டுக்கொண்ட அந்த ஜே.பி.யை அவர் மறந்துவிடவில்லை என்பதற்கு அடையாளம் அவர் ஊரிலேயே இருக்கிறது.

சின்னப்பம்பட்டியில் சொந்த முயற்சியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார் நடராஜன். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே பலன் தெரியத் தொடங்கிவிட்டது. அதே ஊரைச் சேர்ந்த பெரியசாமி, நடராஜன் காட்டிய வழியில் வந்து, 2019 டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்தில் சேப்பாக் அணிக்காக 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். தண்ணீர் லாரி வந்தால் செய்தி ஆகிற மாதிரி ஒரு கிராமம், அங்கிருந்து ஒருவரல்ல, இருவர். மண்ணில் விசேஷம் ஒன்றும் இல்லை. முதல் ஆளுக்கு ஏணி பிடித்தவர் இருந்தார். முதல் ஆள் ஏறியதும் இறங்கி வந்து இரண்டாவது ஆளுக்குப் பிடித்தார்.

இப்போது அந்தச் சோமனூர் அம்மாவின் கேள்விக்கு வருவோம். சோறு கிடைக்குமா? எல்லோருக்கும் கிடைக்காது என்பதுதான் உண்மை. நூறு பையன்கள் ஆடினால் நூறு நடராஜன் வர மாட்டார்கள். ஒருவர்கூட வராமல் போகலாம். அதனால் படிப்பை விட்டுவிட்டுப் பந்தைப் பிடி என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லவும் கூடாது. ஆனால், வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குக் காசு ஆகாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்வு செய்து, தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவிலேயே தொடங்குகின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கோவைக்கென்று டி.என்.பி.எல். அணி இருக்கிறது, 2023-ல் கோப்பையும் வாங்கியது. இவ்வளவு பக்கத்தில் வாசல் வந்த பிறகும் நம் பிள்ளைகளில் பலர் உள்ளே போகாததற்குக் காரணம், விண்ணப்பம் எப்போது வருகிறது என்று சொல்லவும், தேர்வு நாளன்று முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகவும் ஆள் இல்லாததுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். பையனாவது காட்டில் ஆடும்போது யார் கண்ணிலாவது படுவான். வயசுக்கு வந்த பெண் விளையாட்டை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அவளுக்காக வீட்டில் வந்து பேச, அந்த அம்மா நம்புகிற ஒரு டீச்சரோ அக்காவோ வேண்டும். கூட்டிப்போய் இருட்டும் முன் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்ல ஆள் இருந்தால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

ஏணி பிடிப்பதற்குப் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, பணக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. ரைஸைப் பற்றிச் சொன்ன ஆசிரியர் பயிற்சியாளர் இல்லை. கண்டுபிடித்துச் சரியான ஆளிடம் சொன்னார், அவ்வளவுதான். அதே சமயம் இதில் ஒரு நேர்மை வேண்டும். திறமை இருந்தால் இருக்கிறது என்று சொல்வது மாதிரியே, இல்லாவிட்டால் ‘தம்பி, இது சந்தோஷத்துக்கு ஆடு, படிப்பைப் பாரு’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் தெரிய வேண்டும். பிள்ளையை வைத்துத் தன் பெயரை வளர்க்க நினைக்கிறவர் ஏணி பிடிக்க லாயக்கில்லை.

ஒவ்வோர் ஊரிலும் இப்படி யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து பையன்கள் ஆட்டத்தைப் பார்த்து, ‘அந்த இடதுகைக்காரன் பரவாயில்லை’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறவர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், ஒரு காலத்தில் கபடி ஆடிய தறிக்காரர், கல்லூரி அணியில் ஆடிவிட்டு இப்போது மில்லில் வேலை பார்க்கும் அக்கா. அவர் நீங்களாகவும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து போய், அந்தப் பையன் எந்த வகுப்பு படிக்கிறான், வீடு எங்கே என்று மட்டும் கேட்டு வையுங்கள். மற்றதை அவன் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் அப்படி ஏணி பிடித்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.